ஓய்வுபெற்ற தீயணைப்பாளரும் முன்னாள் படைவீரரும்: இரண்டு பதினான்காம் நாள்கள்

இந்தியாவில் சீருடைப் பணியாளர்களை நினைவுகூரும் நாள்களில் இரண்டு, பதினான்காம் தேதியில் அமைந்துள்ளன. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். முதலாவது, ஒரு தளபதி பணி ஓய்வு பெற்ற நாள். இரண்டாவது, ஒரே மாலையில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்துபோன நாள். போருக்குப் போய்த் திரும்பி வந்து நெடுநாள் வாழ்ந்தவரை நினைக்க ஒரு நாள் இருக்கிறது. தீயை அணைக்கப் போய் ஒவ்வொரு முறையும் உயிரோடு திரும்பி, முப்பது ஆண்டுப் பணியை முடித்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு மறைந்தவருக்கு அப்படி ஒரு நாள் இல்லை.

தமிழ்நாட்டில் இவ்விரு நாள்களும் வேறு கொண்டாட்டங்களின் நிழலில் மறைந்துவிடுகின்றன. ஜனவரி 14 போகியாகவோ பொங்கலாகவோ அமைகிறது. ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அம்பேத்கர் பிறந்த நாளும் அதுவே. போகி விடியலில் பழைய பாயும் டயரும் எரியும்போது தீயணைப்பு நிலையங்கள் விழிப்புடன் இருக்க வேண்டியிருக்கிறது. தீயணைப்பாளருக்கு அது ஒரு வேலை நாள்.

ஓய்வு நாளும் இறப்பு நாளும்

இந்திய இராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே. எம். கரியப்பா 1949 ஜனவரி 15 அன்று பொறுப்பேற்றார். அந்த நாள் இராணுவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார். அந்த நாளே 2016 முதல் முன்னாள் படைவீரர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஓய்வுக்குப் பின் கரியப்பா நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார், 1986-இல் ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்றார், 1993-இல் மறைந்தார். பணியில் இருந்த காலத்தைவிட அதிகமான ஆண்டுகள் ஓய்வில் வாழ்ந்த ஒருவரின் கடைசிப் பணிநாள் எல்லா முன்னாள் வீரர்களுக்கும் பொதுநாளானது பொருத்தமே.

தீத்தொண்டு நாளின் கதை இதற்கு நேர் எதிரானது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. சுமார் 1,400 டன் வெடிபொருள்கள், கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், எண்ணெய், தங்கக் கட்டிகள் ஆகியவை ஒரே கப்பலில் இருந்தன. பிற்பகல் இரண்டு மணியளவில் புகை தெரிந்தது. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துச் செல்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் பலராக இருந்தனர். முடிவெடுத்தவர் எவரும் இல்லை. தீயணைப்பு வீரர்கள் மட்டும் குழாய்களுடன் கப்பலின் மேல்தளத்தில் நின்று தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். மாலை 4.06-க்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், அவர்களில் 66 பேர் பம்பாய்த் தீயணைப்புப் படையினர். அப்படையின் தலைவராக இருந்த நார்மன் கூம்ஸ் உயிர் தப்பினார்.

அது போர்க்காலம். கப்பலில் இருந்தவை போர்த் தளவாடங்கள். எனினும் இறந்தவர்கள் போர்வீரர்கள் அல்லர், நகரப் பணியாளர்கள். போரின் செலவு தீயணைப்பாளரின் கணக்கிலும் எழுதப்படும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய சான்று இல்லை. ஏப்ரல் 14-இல் தொடங்கும் ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நிலையங்களில் இறந்தோருக்கு மலர் வளையம் வைக்கப்படும். பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் செயல்விளக்கம் காட்டப்படும்.

கப்பலோட்டிகளும் தீயணைப்பும்

படைப் பணிக்கும் தீயணைப்புப் பணிக்கும் உள்ள உறவு பழையது. இலண்டன் நகரில் அடுத்தடுத்து இருந்த இரண்டு தலைவர்களின் வாழ்க்கை இதைக் காட்டும். ஜேம்ஸ் பிரெய்டுவுட் எடின்பரோவிலும் பின்னர் இலண்டனிலும் தீயணைப்பு அமைப்பை உருவாக்கியவர். 1861 ஜூன் 22 அன்று டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். அவரது இறுதி ஊர்வலத்தில் நகரமே திரண்டது.

அவருக்குப் பின் வந்தவர் அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த ஐர் மாசி ஷா. இவர் வடக்குக் கார்க் ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் கேப்டனாக இருந்தவர். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் காவலையும் தீயணைப்பையும் சேர்த்துக் கவனித்தவர். 1861 முதல் 1891 வரை முப்பது ஆண்டுகள் இலண்டன் தீயணைப்பின் தலைவர். பித்தளைத் தலைக்கவசமும், நிலையங்களை இணைத்த தந்தியும் அவர் காலத்தவை. ஆள் எடுப்பதில் அவருக்கு ஓர் உறுதியான கொள்கை இருந்தது: முன்னாள் கப்பலோட்டிகளையே எடுத்தார். உயரத்தில் ஏறத் தயங்காதவர்கள், கயிற்றைக் கையாளத் தெரிந்தவர்கள், இரவு பகல் என்று முறை பிரித்துக் காவல் காத்துப் பழகியவர்கள், சொன்ன சொல்லுக்கு உடனே அசைபவர்கள் என்பது காரணம். இன்று தீயணைப்பு நிலையங்களில் காணும் அணிவகுப்பு, முறைப்பணி, மணியடித்ததும் வண்டி ஏறும் ஒழுங்கு ஆகியவற்றில் இந்தக் கப்பல் வாசனை இன்னும் இருக்கிறது.

ஷா ஓய்வு பெற்றபோது அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. எண்பதை ஒட்டிய வயதில் 1908-இல் மறைந்தார். 1935-இல் இலண்டன் தேம்சு ஆற்றில் விடப்பட்ட தீயணைப்புப் படகுக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1940-இல் டன்கர்க் கடற்கரையில் சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான படைவீரர்களை அந்தப் படகு மீட்டது. படையிலிருந்து தீயணைப்புக்கு வந்தவரின் பெயர் தாங்கிய படகு மீண்டும் படையினரைக் காப்பாற்றச் சென்றது! பணியில் இறந்த பிரெய்டுவுட்டும் வாழ்ந்து முடித்த ஷாவும் அந்நகரில் ஒருசேர நினைக்கப்படுகின்றனர்.

சென்னையின் தொடக்கம்

ஷா மறைந்த அதே 1908-ஆம் ஆண்டில்தான் சென்னையில் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளில் அது ஒரு போர்த் தீயைச் சந்திக்க நேர்ந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் பற்றி எரிந்தன. 'எம்டன்' என்ற சொல் தமிழில் மிகச் சாமர்த்தியக்காரரைக் குறிக்கும் பேச்சு வழக்காக நிலைத்துவிட்டது. அந்த இரவில் எரிந்த எண்ணெயை எதிர்த்து நின்றவர்கள் எவர் நாவிலும் நிலைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை கடுமையானது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபின் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊர்ப்பக்கம் வெளியேறினர். அரசு அலுவலகங்களும் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. வான்தாக்குதல் முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மணல் வாளிகளும் கைப்பம்புகளும் தெருக்களில் வைக்கப்பட்டன. பொதுமக்களுக்குத் தீயணைப்பு என்பது அறிமுகமான காலம் அது எனலாம்.

விடுதலைக்குப் பின்னும் தீயணைப்பு காவல்துறையின் ஓர் அங்கமாகவே இயங்கியது. 1967-இல் தனித்துறையானது. 1985-இல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் இயற்றப்பட்டது. துறையின் பெயரில் 'மீட்பு' என்ற சொல் பின்னரே சேர்ந்தது. அது வெறும் பெயர் மாற்றம் அன்று. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, வெள்ளத்தில் சிக்கியவரைப் படகில் ஏற்றுவது, இடிந்த கட்டடத்திலிருந்து உடல்களை எடுப்பது என்று 101-க்கு வரும் அழைப்புகளில் பல தீ சார்ந்தவை அல்ல. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது நடந்த மீட்புப் பணியில் நெருப்பே இல்லை.

'தலைவர்' என்பவர் யார்?

வெளிநாட்டுச் செய்திகளில் 'ஓய்வுபெற்ற தீயணைப்புத் தலைவர்' என்று படிக்கும் தமிழ் மாணவர் ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். மேலை நாடுகளில் கடைநிலைத் தீயணைப்பாளராகச் சேர்ந்தவர் அந்த ஊர்த் தீயணைப்புத் தலைவராக உயர்ந்து ஓய்வுபெறுவது இயல்பான கதை. தமிழ்நாட்டில் தீயணைப்போர், முன்னணித் தீயணைப்போர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர், துணை இயக்குநர், இணை இயக்குநர் என்று படிகள் செல்கின்றன. உச்சியில் உள்ள இயக்குநர் பதவியில் பொதுவாக இந்தியக் காவல் பணி அதிகாரியே அமர்கிறார். தீயணைப்போர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. மாவட்ட அலுவலர் பதவிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 தேர்வு வழியாகவும் வரலாம். 2003-இல் அவ்வழியில் வந்த மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் இருவரும் இத்துறையின் முதல் பெண் அதிகாரிகள்.

ஆகவே ஒரு தாலுகா நகரத்தைப் பொறுத்தவரை 'தலைவர்' என்று மக்கள் அறிந்தவர் நிலைய அலுவலரே. அவர் பெயர் அரசாணைகளில் இடம்பெறுமே தவிர நூல்களில் இடம்பெறுவதில்லை. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் அறிவிக்கப்படும் குடியரசுத் தலைவரின் பதக்கங்கள், செப்டம்பர் 15-ஐ ஒட்டி வழங்கப்படும் அண்ணா பதக்கங்கள் ஆகியவற்றின் பட்டியல்கள்தாம் அவருக்குக் கிடைக்கும் பொதுப் பதிவு. பதக்கம் பெறாதவருக்கு அதுவும் இல்லை.

ஒரு பணிக்காலத்தில் அடங்கும் தீக்கள்

1970-களின் தொடக்கத்தில் தீயணைப்போராகச் சேர்ந்து 2000-களில் 58 வயதில் ஓய்வுபெற்ற ஒருவரின் காலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1975 ஜூலையில் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது. 1979-இல் தூத்துக்குடியில் லட்சுமி திரையரங்கக் கூரை தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் சாம்பலானது. 1997 ஜூன் 7 தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் தீ. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் கொட்டகையோடு எரிந்தனர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபம். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள்.

இந்தப் பட்டியலில் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருகிறது. கீற்று, ஓலை, பந்தல் துணி, மரம். தமிழ்நாட்டின் பெரிய உயிரிழப்புத் தீக்களில் பல, கூரை எரிந்து கீழே இருந்தவர்மேல் விழுந்தவை. கும்பகோணத்துக்குப் பின்புதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அதற்கு முன் ஒவ்வொரு கோடையிலும் குடிசைப் பகுதிகளுக்கு வண்டி ஓட்டிச் சென்ற நிலைய அலுவலர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

பணிக்காலத்தைக் கடந்து நெடுநாள் வாழ்வது என்பதும் தானாக வாய்ப்பதன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புத் தொழிலை 2022-இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று உண்டு என்பது அதன் முடிவு. புகையில் கலந்த நச்சுகளை நுகர்வது ஒரு வழி; கரி படிந்த உடையும் தோலும் மற்றொரு வழி. காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவி எல்லா நிலையங்களையும் எட்டாத காலத்தில், ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே சென்றவர்களின் தலைமுறைதான் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறது. தீயில் இறந்தவர் நினைவுத்தூணில் இடம்பெறுவார். ஓய்வுபெற்றுப் பத்து ஆண்டு கழித்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இறப்பவர் எந்தத் தூணிலும் இடம்பெறமாட்டார்.

சுங்குவார்சத்திரம்: சத்திரத்திலிருந்து ஆலைக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே உள்ள ஊர் சுங்குவார்சத்திரம். வழிப்போக்கர் தங்கும் சத்திரம் என்பது பெயரிலேயே இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது முதல் இப்பகுதி மாறத் தொடங்கியது. பின்னர் சுங்குவார்சத்திரத்தில் மின்னணுப் பொருள் ஆலைகளும், ஒரகடத்தில் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகளும் அமைந்தன. ஏரிப் பாசன நெல்வயல்களும் வைக்கோல் போரும் இருந்த இடத்தில் வண்ணப்பூச்சுக் கூடங்களும் இரசாயனக் கிடங்குகளும் வந்தன. தீயின் தன்மையும் மாறியது.

இந்த வட்டாரத்தைச் சுற்றிப் படைத்துறை சார்ந்த இடங்கள் பல உள்ளன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, தாம்பரத்தில் விமானப்படை நிலையம், பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகம், அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம். படையில் கடைநிலை வீரர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடுகிறார். குழந்தைகள் படித்துக்கொண்டிருக்கும் வயதில் அவருக்கு இரண்டாவது வேலை தேவை. ஆலைகளின் காவல், தீப்பாதுகாப்பு, அவசரகாலக் குழு ஆகிய பணிகளில் முன்னாள் படைவீரரும் ஓய்வுபெற்ற தீயணைப்பாளரும் ஒன்றுசேர்வது இப்படித்தான். ஷா கப்பலோட்டிகளைத் தேடி எடுத்த அதே காரணங்களுக்காகவே ஆலைகளும் இவர்களைத் தேடுகின்றன. சம்பளம் மட்டும் காரணத்துக்கு ஏற்றதாக எப்போதும் இருப்பதில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 38-ஆம் பிரிவில் தீத் தடுப்பையும் வெளியேறும் வழிகளையும் வலியுறுத்தியது. போபால் விபத்துக்குப் பின் 1987-இல் செய்த திருத்தம், அபாயகரமான ஆலைகள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஒத்திகைகள் நடப்பதற்குச் சட்ட அடிப்படையாக இருந்தது இதுவே. ஆனால் ஒத்திகையில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை. அது அனுபவத்தில் இருக்கிறது.

சான்றாகச் சில. மூடிய அறைக்குள் தீ இருந்தால் கதவைச் சட்டென்று திறக்கக் கூடாது. புறங்கையால் கதவின் சூட்டைப் பார்க்க வேண்டும். காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் சூடான புகை, கதவு திறந்த நொடியில் வெடித்துப் பற்றும். எரியும் எண்ணெயில் தண்ணீரைப் பாய்ச்சினால் நீர் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரிந்து எண்ணெயை வெளியே வீசும். அங்கே நுரைதான் வேண்டும். சமையல் எரிவாயு உருளையின் வாயில் எரியும் சுடரை, கசிவை அடைக்க வழி இல்லாமல் அணைப்பது ஆபத்து. கசியும் வாயு அறை முழுதும் பரவி வேறொரு பொறிக்குக் காத்திருக்கும். எனவே சுடரை விட்டுவிட்டு உருளையைக் குளிர்விப்பார்கள். லித்தியம் மின்கலத்தில் பற்றிய தீ அணைந்ததுபோல் தோன்றி மணிக்கணக்கில் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும். அதற்குத் தண்ணீரும் பொறுமையும் நிறைய வேண்டும். இவற்றுள் கடைசி ஒன்று மட்டுமே புதியது. மற்றவை கீற்றுக் கொட்டகைக் காலத்து நிலைய அலுவலர்களும் அறிந்தவை.

ஆலைகளைவிடத் தங்குமிடங்களே இன்று கவலைக்குரியவை என்று சொல்ல இடமுண்டு. பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி முறைப்பணிக்குச் செல்கின்றனர். 2024 ஆகஸ்டில் ஒரகடம் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. இரவு முறை முடித்து வந்து பகலில் தூங்கும் ஆயிரம் பேரை எழுப்பி, படிக்கட்டு வழியாக நெரிசலின்றி இறக்குவது எப்படி என்பது எந்தக் கருவியும் தீர்க்காத கேள்வி. மொழி தெரியாதவரும் அவர்களில் இருப்பர். ஸ்ரீரங்கத்தில் மண்டபத்தின் குறுகிய வழியில் மக்கள் எப்படி நெருக்கினார்கள் என்பதை நேரில் கண்டவர் ஒருவர் அருகிலேயே ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டிருந்தால், அவரை அழைத்துக் கேட்பதற்கு ஆகும் செலவு ஓர் ஆட்டோ வாடகைதான்.

எஞ்சும் பதிவுகள்

ஒரு தீயணைப்பாளரின் வாழ்வை எழுத முனையும் மாணவருக்குக் கிடைக்கும் ஆவணங்கள் குறைவு. பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாள், மாறுதல், விடுப்பு, தண்டனை, ஓய்வு இருக்கும். தீ அறிக்கையில் அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சேத மதிப்பு, காரணம் இருக்கும். காரணத்துக்கு நேரே பெரும்பாலும் 'மின்கசிவு' என்ற ஒரே சொல். உள்ளே முதலில் சென்றவர் யார், எதைக் கண்டு பின்வாங்கச் சொன்னார் என்பது எதிலும் இராது. 2012 ஜனவரி 16 அதிகாலை சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் கலஸ் மகாலில் நடந்த தீயில் தீயணைப்பாளர் அன்பழகன் இறந்தார். பிரியா ரவிச்சந்திரன் தீக்காயம் அடைந்தார். அந்த இரவைப் பற்றி ஓரளவு விரிவாக அறிய முடிவதற்குக் காரணம் ஓர் இறப்பும் ஒரு காயமும். எவரும் இறக்காத இரவுகளில், சுவர் இடியப்போவதை ஒரு நொடி முன்னால் உணர்ந்து எல்லோரையும் வெளியே வரச் சொன்ன அலுவலர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த அறிக்கைகளில் உயிரிழப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று மட்டும் எழுதியிருக்கும்.